மஞ்சளாக வந்த சுவர்

அந்த அலுவலகத்தில் கலர் பிரிண்டருக்கு மாப்பிள்ளை என்று பெயர். பெயர் வைத்தவள் பெரியக்கா. இரண்டு பேர் மூச்சு வாங்க மாடி ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய அன்றே அது தனி மேசை கேட்டது. ஜன்னல் வெயில் படக் கூடாது என்றார்கள். வேறு எதுவும் செருகாத தனிப் பிளக் வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு தாள் கொடுப்பதற்கு முன் உள்ளுக்குள் உறுமி, முனகி, பல்லைக் கடித்து, பிறகுதான் மனம் வந்து வெளியே தள்ளியது.

"இது பிரிண்டர் இல்ல சார், மாப்பிள்ளை. முறுக்கைப் பாருங்க" என்றாள் பெரியக்கா. இன்ஜினியர் சிரித்துவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

பழைய வீடுகளை இடித்துத் திருத்திக் கட்டித் தருகிற இன்ஜினியர் அவர். மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். உள்ளறையில் அவர் படம் வரைவார். முன்னறையில் இருந்தபடி மற்ற எல்லாவற்றையும் பெரியக்கா பார்ப்பாள்: ஃபோன், பில், ஃபைல், தண்ணீர் கேன், வீட்டுக்காரர்களின் கோபம். வயதில் இன்ஜினியரைவிடச் சின்னவள்தான். ஆனாலும் அவர் உட்பட எல்லோருக்கும் பெரியக்கா. மேஸ்திரி ஒருவர் மட்டும் அவளைத் தங்கச்சி என்பார். தலை முழுக்க நரைத்தவர். அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து அவர்களுடைய எல்லா வீட்டையும் இடித்துக் கட்டியது அவர் கைதான்.

மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் படங்கள் கறுப்பு வெள்ளையில் இருந்தன. இடிக்க வேண்டிய சுவரின் மேல் 'இடி' என்றும், விட்டுவைக்க வேண்டிய சுவரின் மேல் 'வை' என்றும் பேனாவால் எழுதிக் கொடுப்பார்கள். கலர் வந்த பிறகு அந்த வழக்கம் போயிற்று. மஞ்சள் என்றால் இடிக்கலாம். சிவப்பு என்றால் தொடக் கூடாது. "இனிமே எழுத வேண்டாம் பெரியக்கா, கலரே பேசும்" என்றார் இன்ஜினியர்.

பேசத்தான் செய்தது. பெரியக்காவும் அதைப் பற்றிப் பேசினாள். மாப்பிள்ளையின் வயிற்றுக்குள் நான்கு டப்பாக்கள் இருக்கின்றன, அவற்றில் இருப்பது மை இல்லை, மாவு மாதிரித் தூள், கறுப்பு, நீலம், ரோஸ், மஞ்சள், அவ்வளவுதான் என்று பெஞ்சில் காத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு விளக்குவாள். "சிவப்புன்னு தனியா டப்பாவே கிடையாது, தெரியுமா? மஞ்சளும் ரோஸும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தாத்தான் சிவப்பு." கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவளுக்கு அது பிடிக்கும்.

அவளிடம் இன்னொரு கைவேலையும் இருந்தது. டப்பா காலி என்று ஆரஞ்சு விளக்கு எரிந்தால் மற்ற அலுவலகங்களில் புதிது மாட்டுவார்கள். பெரியக்கா மாட்ட மாட்டாள். பழைய டப்பாவை உருவி, கைக்குழந்தையைத் தூங்க வைப்பது போல இடமும் வலமுமாக ஆட்டி, தட்டி, மறுபடி செருகுவாள். தூள் தீர்ந்தால் தானாகவே நின்றுவிடும்படி ஓர் ஏற்பாடு மாப்பிள்ளையிடம் இருந்தது. பட்டனை அமுக்கித் தேடி அதையும் நிறுத்தி வைத்திருந்தாள். காலியானாலும் ஓடு என்று உத்தரவு. பக்கத்து அலுவலகத்துக்காரர்கள் ஒரு டப்பாவைத் தீர்க்கும் காலத்துக்கு மேல் இவளுடையது வெகுநாள் ஓடும்.

"பெரியக்கா கையில ஒரு பொட்டுத் தூள் வீணாகாது" என்று இன்ஜினியர் வருபவர்களிடமெல்லாம் சொல்வார்.

"உன் கையில மாட்டின பேஸ்ட் ட்யூபுக்கு மோட்சமே கிடையாது" என்பார் வீட்டில் அவள் புருஷன். இரண்டையும் அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் ரோஸ் டப்பாவுக்கு ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை ஆட்டியாகிவிட்டது. புது டப்பா பீரோவில் பிரிக்காமல் இருந்தது. திங்கட்கிழமை காலை மேஸ்திரி கீழே நின்று ஹாரன் அடித்தார். புதிதாக இடிப்பு தொடங்குகிற வீடு அது. படம் வேண்டும். பெரியக்கா பெரிய தாளில் இரண்டு பிரதி எடுத்தாள், ஒன்று அவருக்கு, ஒன்று ஃபைலுக்கு. வந்த சூட்டோடு இரண்டையும் மடித்தாள். விரித்துப் பார்க்கவில்லை. ஒன்றை ஃபைலில் செருகிவிட்டு மற்றதோடு படியிறங்கி ஓடினாள்.

மதியத்துக்குள் ஃபோன் வந்தது. அவள் ஒரு பில்லின் கூட்டலில் இருந்தாள்.

"தங்கச்சி, வீட்டுக்காரரோட அப்பா, அந்தப் பெரியவர் படுத்திருக்கிற ரூமுக்கும் சமையலறைக்கும் நடுவுல இருக்கிற சுவரு மஞ்சள்ல இருக்கே? அன்னைக்கு வீடு பாக்க வந்தப்ப சார் அதை வைக்கணும்னு சொன்ன மாதிரி ஞாபகம்."

"அண்ணே, ஞாபகத்தை வச்சா வீடு கட்டுறோம்? பேப்பர்ல என்ன இருக்கோ அதைச் செய்யுங்க."

"இல்ல, நீ ஒரு தடவை எடுத்துப் பாத்துட்டு..."

"மாப்பிள்ளை தப்பாப் பேச மாட்டார் அண்ணே. நீங்க சந்தேகப்பட்டா கோவிச்சுக்குவார்."

அவர் சிரித்தார். இவளும் சிரித்தாள். தன் வாய்ச் சாமர்த்தியம் தனக்கே பிடித்துப்போய், கூட்டலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஃபைல் கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஃபோனில் கத்தியது பெரியக்காவின் காதைத் தாண்டி உள்ளறை வரை கேட்டது. வேலை முடிந்து அவர் வீடு திரும்பியபோது சுவர் இல்லை. எழுந்து நடக்க முடியாத அவருடைய அப்பா கட்டிலில் படுத்திருந்தார், அடுப்புக்கு நேராக, தூசிக்கு நடுவில். அந்தச் சுவர் ஒன்றை மட்டும் தொட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார் அவர். சிவப்புப் போட்டதும் அதற்காகத்தான்.

இன்ஜினியர் மேஸ்திரிக்கு ஃபோன் போட்டுக் குதித்தார். மேஸ்திரி பேப்பரில் மஞ்சள் என்றார். எங்கே அந்தப் பேப்பர் என்றார் இவர். ஒட்டியிருந்ததே அந்தச் சுவரில்தான், அதுவும் சுவரோடு இடிபாட்டில் போயிற்று.

"பெரியக்கா! ஃபைல் காப்பியைக் கொண்டு வாங்க."

அவள் எடுத்து விரித்தாள். படத்தின் இடது ஓரத்தில் சுவர்கள் சிவப்பாக இருந்தன. நடுவில் ஆரஞ்சு. வலது ஓரத்தில், பெரியவருடைய அறைச் சுவர், சுத்தமான மஞ்சள். டப்பாவின் ஒரு பக்கத்தில் தூள் அடியோடு தீர்ந்திருக்கிறது. ரோஸ் விழவில்லை. மஞ்சள் மட்டும் விழுந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் விளக்கியவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரு நிமிஷம் சார், தேடுறேன்" என்றாள்.

பீரோவைத் திறந்து புது டப்பாவைப் பிரித்தாள். அவசரமாக இழுத்ததில் பாதுகாப்பு நாடா பாதியில் அறுந்தது. நகத்தால் இழுத்து எடுத்தாள். மாட்டினாள். மாப்பிள்ளை உறுமினார், முனகினார். அந்த முனகல் இன்றைக்கு முடியவே முடியாது போலிருந்தது. புதுத் தாள் வந்ததும் மடித்து, மடிப்பை விரலால் தேய்த்துப் பழசாக்கி, உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள். பழைய தாள் அவள் கைப்பைக்குள் போயிற்று.

"பாருங்க, ரத்தம் மாதிரி சிவப்பா இருக்கு!" என்று இன்ஜினியர் ஃபோனில் கத்தினார். "என்ன? பெரியக்காகிட்ட கேட்டீங்களா? பேப்பரைப் பாத்துச் செய்யச் சொன்னாங்கல்ல, சரியாத்தானே சொல்லியிருக்காங்க! கண்ணு தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க மேஸ்திரி, வீட்டுல உக்காருங்க. அடுத்தவன் சுவரை இடிக்காதீங்க."

பெரியக்கா கதவருகில் நின்றாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவர் கோபம் தணியட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்பு வந்ததும் கால் தானாகத் தன் மேசைக்கு நடந்தது. வீட்டுக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்துக் காய்கறித் தோலுக்கு அடியில் போட்டாள்.

"என்ன, பேப்பரைக்கூட வீணாக்குற? உடம்பு சரியில்லையா?" என்றார் புருஷன். அவளால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாள், சுவரைத் திரும்பக் கட்டுவதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வாங்க இன்ஜினியர் அவளை அனுப்பினார். சுவர் இருந்த இடத்தில் கயிறு கட்டிப் படுக்கைவிரிப்பைத் தொங்க விட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் தாளிக்கும் சத்தம், இந்தப் பக்கம் இருமல். விரிப்பின் கீழோரத்தில் எண்ணெய் தெறித்திருந்தது.

பெரியவர் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். "வாம்மா. இப்பல்லாம் என்ன சமையல்னு மருமகளைக் கேக்க வேண்டியதே இல்ல. நேராப் பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமி முடித்ததும் சொன்னார்: "அந்த மேஸ்திரிதான் பாவம். இங்கதான் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். எனக்குக் கண்ணு போயிடுச்சு ஐயா, மன்னிச்சுக்கோங்கன்னு. உங்க ஆபீஸ்ல அவனை ஒண்ணும் சொல்லாதீங்க."

"சரிங்க ஐயா" என்றாள் பெரியக்கா. அந்தச் சரியைச் சொன்ன நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. அப்போதும் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து ஃபோனை எடுத்தாள், பில் போட்டாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

சனிக்கிழமை மேஸ்திரி வந்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டு, வேலைக்குப் போகாத ஆள் மாதிரி வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். கையில் சாவிக்கொத்து, அந்த வீட்டுடையது.

"சார்கிட்ட குடுத்துடு தங்கச்சி. வேற ஆளை வச்சுக்கச் சொல்லு."

"என்ன அண்ணே இது?"

"கண்ணு டாக்டர்கிட்ட போனேன். புள்ளி புள்ளியா கலர்ப் படம் காட்டி, இதுல என்ன நம்பர் தெரியுது, அதுல என்ன தெரியுதுன்னு கேட்டார். எல்லாம் சரியாச் சொன்னேனாம். உனக்கு ஒரு கோளாறும் இல்ல, போன்னுட்டார்."

"அப்ப நல்லதுதானே அண்ணே."

"என்ன நல்லது? கண்ணு நல்லா இருந்தா, அப்ப கோளாறு எங்க? மண்டையிலதானே?" நெற்றியை விரலால் தட்டிக் காட்டினார். "மஞ்சள்னு சத்தியம் பண்ணுவேன் தங்கச்சி. ஆனா சார் கையில சிவப்பா இருக்குன்னா, நான் என்னத்தைப் பாத்தேன்? வீட்டுல பொண்ணு துணி காயப் போடும்போது பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா என்ன கலர்னு கேக்குறேன். அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அது அழுவுது."

அவர் பெரியக்காவுக்குப் பின்னாலிருந்த அலமாரியைக் காட்டினார். "அந்த ஃபைல் பச்சைதானே?"

"பச்சைதான் அண்ணே."

"அதுக்குப் பக்கத்துல நீலம்."

"ஆமா."

"அந்த டப்பி?"

"சிவப்பு."

"சிவப்பு" என்று அவரும் திருப்பிச் சொன்னார், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போல. அதற்கு மேல் பெரியக்காவால் முடியவில்லை.

"அண்ணே, பேப்பர் மஞ்சளாத்தான் வந்தது."

குரல் உள்ளறை வரை போகும் என்று அவளுக்குத் தெரியும். போகட்டும் என்றுதான் சொன்னாள். டப்பா காலி என்று தெரியும் என்றாள். ஆட்டி ஆட்டி ஓட்டினேன் என்றாள். ஃபைலில் இருந்ததும் மஞ்சள்தான், புது டப்பா போட்டு வேறு எடுத்துக் கொடுத்தேன், பழசைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்றாள். சொல்லி முடித்தபோது இன்ஜினியர் கதவில் நின்றுகொண்டிருந்தார். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உக்காருங்க மேஸ்திரி, டீ சொல்றேன்" என்றார். அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

மேஸ்திரி பெரியக்காவை மட்டும் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"அன்னைக்குச் சாயங்காலமே தெரியுமா?"

"தெரியும்."

"நான் ஃபோன்ல கேட்டப்ப எடுத்துப் பாத்திருக்கலாமே."

"பாத்திருக்கலாம் அண்ணே."

அவர் தலையாட்டினார். கையிலிருந்த சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டீக்கு நிற்காமல் படியிறங்கினார். இறங்கும் சத்தம் ஒவ்வொரு படியாக மேலே கேட்டது.

சுவரை அவரே கட்டிக்கொடுத்தார். இன்ஜினியர் பெரியக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. வருபவர்களிடம் அவளுடைய சிக்கனத்தைப் பாராட்டுவதை மட்டும் விட்டுவிட்டார். ஆரஞ்சு விளக்கு எரிந்தால் அன்றே புது டப்பா. பெரியக்கா இப்போது ஒவ்வொரு தாளையும் விரித்து, ஒவ்வொரு சுவரின் மேலும் கறுப்புப் பேனாவால் 'இடி' அல்லது 'வை' என்று எழுதித்தான் மடிக்கிறாள். மாப்பிள்ளை என்று அவள் வாயில் வருவதில்லை. பிரிண்டர் என்கிறாள்.

எழுதியிருந்தாலும் மேஸ்திரி அப்படியே வாங்கிக்கொண்டு போவதில்லை. இப்போது கீழேயிருந்து ஹாரன் அடிப்பதும் இல்லை. மாடியேறி வருகிறார். தாளை அவள் மேசையில் விரிக்கிறார். பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தாலும் கவலைப்படுவதில்லை. ஒரு சுவரின் மேல் விரலை வைக்கிறார்.

"மேடம், இது மஞ்சள்தானே?"

பெரியக்கா எழுந்து, குனிந்து, அவர் விரல் இருக்கும் இடத்தைப் பார்க்கிறாள். "மஞ்சள்தான் அண்ணே" என்கிறாள். விரல் அடுத்த சுவருக்கு நகர்கிறது.