ஹாஜா மொய்தீன் குரல் இருந்த பெட்டி

பூந்தமல்லி காய்கறி மண்டியில் ஹாஜா மொய்தீன் ஏலம் கூவினால், கரையான்சாவடியில் பஸ்ஸுக்கு நிற்பவனுக்கும் அன்றைய தக்காளி விலை தெரிந்துவிடும் என்பார்கள். அப்படிப்பட்ட தொண்டை. அந்தத் தொண்டையில் ஒரு நாள் சின்னதாக ஏதோ உரசியது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வாயில் மிளகை அடக்கிக்கொண்டு கூவினார். நாளை, நாளை என்று தள்ளித் தள்ளி, கடைசியில் குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனைவி நஜ்மா அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அவள் அண்ணன் அன்வர் பாஷா, கம்பெனியில் கழித்துக் கொடுத்த லேப்டாப் ஒன்றைக் கட்டிலின்மேல் திறந்து வைத்தான்.

"பொறக்கப்போற புள்ளைக்கு அத்தா குரல் வேணாமா? பேசு மச்சான். டேப்புன்னா நாடா சிக்கிக்கும். இதுல ஏத்திட்டா கியாமத் நாள் வரைக்கும் அழியாது."

ஹாஜா பேசினார். கதை சொன்னார், தாலாட்டுப் பாடினார், ஏலம்கூடக் கூவிக் காட்டினார். மறுவாரம் குரல் போனது. கழுத்தில் ஒரு துளையும் அதை மூட ஒரு கைக்குட்டையும், பேசுவதற்கு ஒரு சிலேட்டும் மிஞ்சின.

மகள் அஷ்ரஃபுன்னிசாவுக்கு இப்போது மூன்று வயது. சாயங்காலமானால் அவர் மடியில் ஏறிக்கொண்டு லேப்டாப்பைத் திறக்கச் சொல்வாள். "எங்க அத்தா பொட்டிக்குள்ள பேசுறாங்க" என்று தெருவெல்லாம் பெருமையடிப்பாள்.

ஒரு நாள் தாலாட்டுக்கு நடுவே பெட்டிக்குள் 'டக்' என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் 'டக்'. குழந்தை சிரித்தாள். ஹாஜாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. இப்படித்தான் ஆரம்பிக்கும். சின்னதாக, வலிக்காமல். இந்தத் தடவை நாளை என்று தள்ளக் கூடாது என்று பெட்டியை மூடினார்.

விடிந்ததும் பஸ் ஏறி, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சின்னசாமியின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் போய் நின்றார். வாசலில் சின்னசாமி வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மெக்கானிக் ரோஸி லேப்டாப்பில் காதை வைத்துக் கேட்டாள். உடனே ஸ்விட்சை அணைத்தாள்.

"ஹார்டு டிஸ்க்கு போய்க்கினு கீது பாய். புதுசு மாத்தணும். அதுக்கு முன்ன இதுல கீறத எடுத்துடணும். இன்னும் கொஞ்ச நேரம்தான் ஓடும் போல. அந்த நேரத்த வீணாக்காதீங்க, சும்மாங்காட்டியும் போட்டுப் பாக்காதீங்க."

ஹாஜா சிலேட்டில் எழுதினார்: 'இப்பவே மாத்து.'

அதற்குள் சின்னசாமி உள்ளே வந்துவிட்டார். "இன்னா பாய், ஆயுத பூஜையும் அதுவுமா! ஸ்குரூ டிரைவர்லேந்து அல்லாம் கழுவிப் பொட்டு வெச்சு சாமிகிட்ட கீது. எடுக்கக் கூடாது. நாளைக்கிக் காலீல மொத வேலை உங்களுதுதான்."

"நானே வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ பாய்" என்று சிரித்தாள் ரோஸி. "வருஷா வருஷம் இவுரு குடுக்கற பொரியத் துன்னுட்டு, இந்த ஒரு நாள் மட்டும் டூல்ஸ்ல கை வெக்கறதில்ல."

நாளைக்கு. அந்தச் சொல் ஹாஜாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சாக்பீஸ் சிலேட்டின்மேல் தயங்கி நின்றது. ஆனால் ஒருவர் சாமிக்கு முன் வைத்ததை எடு என்று எந்த வாயால் சொல்வது? அவருக்குத்தான் வாயே இல்லையே! தலையாட்டிவிட்டு, பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் அஷ்ரஃபுன்னிசா அவர் மடியில் உட்கார்ந்துகொண்டே, "அத்தா எங்கே?" என்று கேட்டாள். நஜ்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மூவருமாகப் போனார்கள். கடை வாசலில் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தது. குங்குமத்தில் தோய்ந்த சதை தார் ரோட்டில் சிதறிக் கிடந்தது. ஹாஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினார்.

"வா பாய்!" என்று சின்னசாமி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். லேப்டாப்பின் மூடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. "ரோஸி ஊட்டுக்குப் போனப்பறம் சாய்ங்காலம் பூஜை. மிஷினெல்லாம் ஓடவுட்டுத்தான் கற்பூரம் காட்டுவேன். உங்களுத மட்டும் ஒதுக்கி வெக்க மனசு வர்ல. நடுவுல வெச்சு, பூஜை முடியற மட்டும் ஓடவுட்டேன். டக்கு டக்குன்னு இன்னாமா தாளம் போட்டுச்சு தெரியுமா!"

ஸ்குரூ டிரைவரை எடுக்கப் போன ரோஸியின் கை அப்படியே நின்றது.

"இன்னா காரியம் பண்ணிக்கீற அண்ணாத்தே! அதப் போடக் கூடாதுன்னு..."

"எங்கையில யாரு சொன்னா? நல்லதுக்குதானேம்மா..."

ரோஸி லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தாள். திருகாணிகளைக் கழற்றினாள். பழைய டிஸ்க்கைக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். திரையில் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குக் காகிதங்கள் பறந்தன. டக். டக். காகிதங்கள் தயங்கின, பறந்தன, அந்தரத்தில் நின்றன. டக் டக் டக் என்று பதறிய சத்தம், விசும்பல் போல ஒரு முறை இழுத்து அடங்கியது.

"யா அல்லா!" என்றாள் நஜ்மா.

ரோஸி அணைத்துப் போட்டாள். திருப்பி மாட்டினாள். டிஸ்க் சுற்றவே இல்லை. "போச்சு பாய்" என்றாள் தரையைப் பார்த்து. "மொதல்ல இருந்த ஒரு துண்டுதான் வந்துது."

சின்னசாமி ஹாஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஹாஜாவும் அழுதார். சத்தம் வரவில்லை. கழுத்துக் கைக்குட்டை மட்டும் படபடவென்று துடித்தது.

மதியத்துக்குள் ரோஸி புது டிஸ்க்கை லேப்டாப்பில் பூட்டி, வேண்டியதையெல்லாம் ஏற்றி, அந்த ஒரு துண்டையும் போட்டாள். அதில் என்ன இருக்கிறதென்று ஹாஜாவுக்கே நினைவில்லை. தாலாட்டாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் துஆ செய்தார்.

கட்டில் கிரீச்சிடும் சத்தம். அன்வரின் இருமல். பிறகு அந்தக் குரல், மண்டியையே ஆண்ட குரல், கூச்சத்தோடு:

"ஹலோ... ஹலோ... கேக்குதா?"

அவ்வளவுதான்.

அஷ்ரஃபுன்னிசாவின் முகம் மலர்ந்தது. மேஜை விளிம்பைப் பிடித்து எக்கி, பெட்டியருகே வாயைக் கொண்டுபோனாள்.

"கேக்குது அத்தா. சொல்லுங்க."

சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.