நெருப்புக் காட்டாத சட்டை

காகிதப் பட்டறையில் அவளை எல்லோரும் பொத்தானக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருக்கிறது. மேஸ்திரியைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. இருபத்தாறு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. மூட்டை மூட்டையாக வரும் பழைய துணியைப் பிரித்து, பொத்தான், ஊக்கு, ஜிப், காலருக்குள் வைத்துத் தைத்த விறைப்புத் துணி எல்லாவற்றையும் அறுத்து எறிவாள். மிச்சத்தைப் பலகையில் செங்குத்தாக நட்டிருக்கும் கத்தியில் இழுத்து, உள்ளங்கை அகலத் துண்டுகளாக்குவாள். அந்தத் துண்டுகள்தான் அரைபட்டுக் கூழாகி, படம் வரைகிறவர்கள் தேடி வந்து வாங்கும் தடித்த வெள்ளைத் தாளாகவும், ஆல்பத் தாளாகவும், வாழ்த்து அட்டையாகவும் வெளியே போகும். மரக்கூழில் செய்த தாள் மாதிரி மஞ்சளடிக்காது, நூறு வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும் என்று மேஸ்திரி வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். நூறு வருடம் கழித்து யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்பாள் பொத்தானக்கா.

இந்தத் தாளுக்குப் பருத்திதான் வேண்டும். நைலானோ பாலியெஸ்டரோ கலந்த துணி நாள் முழுக்க அரைத்தாலும் கரையாது. நூல் நூலாக நிற்கும். கண்ணையும் கையையும் ஏமாற்றுகிற துணிகள் உண்டு. அதற்கு அவளிடம் ஒரு வைத்தியம் இருந்தது. ஓர் இழையை உருவித் தீக்குச்சி கிழித்துக் காட்டுவாள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். மற்றது என்றால் சுருண்டு உருகி, கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். "கடைக்காரன் பொய் சொல்லுவான், நெருப்பு சொல்லாது" என்பாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தாள் வாங்க வருகிறவர்களின் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "நல்லா ஏமாத்திட்டான் உங்கள" என்று சொல்லி, அவர்கள் முகம் போகிற போக்கை ரசிப்பாள். வேலைக்கு வேண்டிய குணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதை வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகத் தெரியவில்லை அவளுக்கு.

ஒரே மகன். தகப்பன் முகம் பார்க்காமல் வளர்ந்தவன். பத்தொன்பது வயதில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கி வந்தான். பழுப்பு நிறம், ஓரத்தில் குஞ்சம். பட்டறையின் ஈரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, குளிர் வந்தால் அவளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும்.

"போட்டுப் பாரும்மா. கதகதப்பா இருக்கா, சொல்லு."

"என்ன துணிடா இது?"

"கம்பளிம்மா. சுத்தமான கம்பளின்னு கடையில சொன்னாங்க."

அவள் அதைத் தோளில் போடவில்லை. குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவினாள். தீப்பெட்டி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வர வேண்டும், வரவில்லை. இழை சுருண்டு நுனியில் மணி கட்டியது. அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"கம்பளியாம் கம்பளி! பிளாஸ்டிக்கை வாங்கிட்டு வந்து நிக்கிறே. எனக்குப் பொறந்துட்டு இப்படியா ஏமாறுவே?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்தபடியே அந்தக் கறுப்பு மணியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் அவளுக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கி வந்ததில்லை. "நீயே பாத்து வாங்கிக்கம்மா" என்று பணத்தைக் கையில் கொடுத்துவிடுவான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இந்த வீட்டில் அது தலைகீழாக இருந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

ஐந்து வருடம் கழித்து அவன் தனக்கென்று ஒரு சட்டை எடுத்தான். வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு. "நூத்துக்கு நூறு பருத்தி. வேணும்னா எரிச்சுப் பாத்துக்க" என்று சட்டை நுனியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். விளையாட்டாகத்தான் நீட்டினான், ஆனால் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான். தோள் வலியோடு படுத்திருந்தவள், "போடா, நீயும் உன் சட்டையும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாலு மாதத்தில், கிடங்கிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை ஒரு லாரி அடித்துவிட்டது. அன்று அவன் போட்டுப் போனது வேறு சட்டை. இது வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

ஒன்றரை வருடம் அது மடித்தபடி இருந்தது. "யாருக்காவது குடுத்துடுக்கா, பாத்துப் பாத்து அழுறதுக்கா வெச்சிருக்கே?" என்றாள் தங்கச்சி. இன்னொருவன் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் எதிரே வருவதைத் தாங்க அவளால் ஆகாது. அவளுக்கு வேறோர் ஆசை இருந்தது. ஊரார் கல்யாண ஆல்பங்களுக்கெல்லாம் துணி வெட்டிக் கொடுத்தவள் அவள். தன் மகனின் படத்தை ஒட்டி வைக்க, அவன் சட்டையிலிருந்தே ஒரு தாள் வேண்டும். ஒரே ஒரு தாள் போதும். சட்டையைப் பூச்சி அரிக்கும். தாள் நூறு வருடம் இருக்கும் அல்லவா? மேஸ்திரியின் பெருமையை முதல்முறையாக அவள் நம்பினாள்.

அரைவை இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போய்க் கேட்டாள்.

"ஒரு சட்டைக்காக மெஷின் சுத்தாதுக்கா. இருபது கிலோவாவது இருக்கணும். நாளைக்கு வெள்ளை அரைக்கிறோம், அதோட சேத்துப் போட்டுடறேன். ஆனா இந்த நீலக் கோடு?"

"வெளுக்குறப்போ போயிடும். எத்தன கோடு பாத்திருப்பேன் நான்."

"இழை எரிச்சுப் பாத்துட்டீங்கல்ல?"

"பாத்தாச்சு."

அது பொய். முந்தின நாள் சட்டையை மடியில் போட்டு ஏழு பொத்தான்களையும் அறுத்தாள். தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள். எடுத்ததை அப்படியே கீழே வைத்துவிட்டாள். அவன் கண்ணெதிரே ஒரு தடவை கொளுத்தியது போதாதா? இருந்தவனை நம்பவில்லை, போனவனையாவது நம்பக்கூடாதா? நூத்துக்கு நூறு என்று பிள்ளை சொல்லியிருக்கிறான், அது போதும் என்று மனதைக் கட்டிப்போட்டாள். சட்டையைக் கத்தியில் இழுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் துண்டுகள் ஒரே அளவாகத்தான் விழுந்தன; பழகின கை.

அந்த வெள்ளைக் கூழ், ஓவியப் பள்ளி ஒன்று கேட்டிருந்த முந்நூறு பெரிய தாளுக்கானது. சட்டத்தில் கட்டிய சல்லடையைத் தொட்டியில் முக்கித் தூக்கி, தாள் தாளாக அடுக்கி, அழுத்தி, கயிற்றில் காயப்போட்டார்கள். ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் மேஸ்திரி முதல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முகத்தைச் சுளித்தார். இரண்டாவதை எடுத்தார், மூன்றாவதை எடுத்தார். எல்லாவற்றிலும் நீல நீலமாக மயிரிழைகள். ஒன்றில் நாலு, ஒன்றில் இருபது.

"யார் பாத்த வேலை இது?"

அரைவைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பேரை அவர் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் அவளை எழுப்பியது.

"நான்தான். என் பையன் சட்டை."

மேஸ்திரி கோபக்காரர்தான். அன்று அவருக்குக் கோபம் வராமல் போனதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீங்களாக்கா? தீக்குச்சி காட்டலையா?"

"காட்டல."

"ஏன்?"

என்ன சொல்வாள்? காட்டக்கூடாத இடத்தில் காட்டினேன், காட்ட வேண்டிய இடத்தில் காட்டவில்லை என்று சொல்லலாம். சொன்னால் யாருக்குப் புரியும்? சல்லடை முக்குகிறவர்களில் ஒருத்தி பின்னாலிருந்து மெதுவாக, "ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில விழுமாம் துள்ளி" என்றாள். அந்தப் பெண்ணின் சேலையையும் போன மாதம் பொத்தானக்கா தொட்டுப் பார்த்துச் சிரித்திருந்தாள். அதனால் பொத்தானக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

அறுத்த பொத்தான்கள் அவள் இடுப்புப் பையில் இருந்தன. ஒன்றில் விரல் நகமளவு துணி ஒட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அதை வாங்கி ஒரு வெள்ளை இழையை உருவிக் கொளுத்தினார். காகித வாசனை வந்தது, சாம்பல் உதிர்ந்தது. அடுத்து ஒரு நீல இழை. அது சுருண்டது.

"துணி பருத்திதான்கா. கோடு மட்டும் வேற நூல்" என்றார்.

அப்படியானால் அவன் பொய் சொல்லவில்லை. அவன் பருத்தி என்று சொன்ன வெள்ளை, முந்நூறு தாளிலும் கரைந்து கலந்துவிட்டது. எந்தத் தாளில் எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவளுக்குப் பிரித்தெடுக்கக் கிடைத்தது அந்தக் கோடு மட்டும்தான். ஆறு நாள் பலகைமேல் குனிந்து, ஊசியாலும் இடுக்கியாலும் தாள் கிழியாமல் ஒவ்வோர் இழையாகக் கிளப்பினாள். நூற்றுத் தொண்ணூறு தாள் தேறின. மற்றவை சின்ன அட்டைகளாக வெட்ட ஒதுக்கப்பட்டன. பிள்ளையைத் தானே பொறுக்கி வெளியே போடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. அழுதால் தாளில் சொட்டிக் கறைபடும் என்று, அழுகை வரும்போதெல்லாம் எழுந்து கொல்லைப்பக்கம் போய் வந்தாள்.

"நீங்க கேட்டீங்களாமே, அந்த ஒரு தாளை எடுத்துக்குங்கக்கா" என்றார் மேஸ்திரி கடைசி நாள். வெட்டுக்குப் போகிற அடுக்கில், நீலம் அதிகமாக இருந்த ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த விடுமுறை நாள் காலையில், படத்தை ஒட்டுவதற்காகத் தகரப் பெட்டியைத் திறந்தாள். நல்ல குளிர். கண்ணாடிச் சட்டம் உடையக்கூடாது என்று படத்தை எதிலோ சுற்றி அடியில் வைத்திருந்தாள். பிரித்தபோதுதான் தெரிந்தது, அது அந்தப் பழுப்புச் சால்வை. ஏறக்குறைய ஏழு வருடம் ஆகிறது. ஒரு பூச்சி தொடவில்லை, ஓரிடத்திலும் நைந்திருக்கவில்லை. குஞ்சத்தில் மட்டும் ஓர் இழை குறைந்திருந்தது.

படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துத் தாளின் நடுவில் ஒட்டினாள். அவன் தலையைச் சுற்றி நீல இழைகள் கோணல்மாணலாக ஓடின. ஒட்டின பசை காயும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் சால்வையை எடுத்து இரண்டு தோளையும் சுற்றிப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தோள்பட்டையின் இறுக்கம் தளர்ந்தது.

"கதகதப்பாத்தான்டா இருக்கு" என்றாள் படத்திடம்.

அன்றைக்கு அவன் அதை மட்டும்தான் கேட்டான்.