அப்பாவின் மெல்லிய குரல்

கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த ஒலிப்பதிவுக் கூடத்தை மூடிவிட்டார்கள். கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த அப்பாவிடம் திரும்பி வந்தேன். அவர் தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்னறைச் சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாய்த்து, அதைப் பதிவறை ஆக்கினேன். அதற்கென்று ஒரு ப்ரீஆம்ப் வாங்கினேன். அந்தக் காலத்து ஸ்டூடியோக் கருவிகளைப் போல, ஆனால் என்னைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும்படி செய்த சாம்பல் நிறப் பெட்டி. பெரிய குமிழ் ஒன்று, ஒலிக்கு ஏற்பத் துள்ளும் முள் ஒன்று. இது என்ன செய்யும் என்று அப்பா கேட்டார். மைக்கில் விழுகிற சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கும் என்றேன்.

முதலில் பாட வந்தவர்கள் எங்கள் சர்ச்சில் பாடும் நான்கு பெண்கள். அப்பாதான் போய்க் கூப்பிட்டிருந்தார். அவர்களைப் பின்னறையில் மைக் முன்னால் நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி, கூடத்தில் கருவியின் முன் உட்கார்ந்தேன். அப்பாவும் அவர்களோடு உள்ளேதான் இருந்தார்.

ஹெட்போனை மாட்டி, ஒலி வருகிறதா என்று குமிழை மெல்ல ஏற்றினேன். சேலை உரசுவது கேட்டது. யாரோ செருமினார்கள். பிறகு அப்பாவின் குரல், கிசுகிசுப்பாக.

"வேல போனதுலேர்ந்து ரொம்ப ஒடஞ்சி போயிருக்கான்மா. எப்படி வந்தாலும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க லா."

"சொல்லிர்றோம்ணே, கவலப்படாதீங்க" என்றாள் ஒருத்தி.

காதெல்லாம் எரிந்தது. முப்பத்தைந்து வயதில் எனக்காக என் தகப்பன் பாராட்டுக் கேட்டு நிற்கிறார். ஏற்றிய குமிழைப் பாட்டுக்கு முன் இறக்கவேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. ஆரம்பிக்கலாம் என்று கதவைத் தட்டினேன்.

பாடி முடித்ததும் கதவைத் திறந்தேன். மூத்தவர் உடனே, "ரொம்ப நல்லாருக்கு தம்பி" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

"இன்னும் போட்டே காட்டலியே ஆன்ட்டி" என்றேன். நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

அப்பா மைக்கைப் பார்த்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தார். நான் கேட்டுவிட்டது அவருக்குப் புரிந்துவிட்டது. தேத்தண்ணி போடுகிறேன் என்று முணுமுணுத்தபடி என்னைத் தாண்டிப் போனார். அப்படித் தலை குனிந்து அவர் நடந்து நான் பார்த்ததில்லை. சற்று முன் அவரால் வெட்கப்பட்டவன், இப்போது என்னை நினைத்து வெட்கப்பட்டேன்.

பாட்டைப் போட்டுக் காட்டினேன். குரல் உயர்ந்த இடமெல்லாம் கரகரத்தது. கொடுத்த வாக்கை நினைத்தோ என்னவோ, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் இளையவள்தான் தயங்கிச் சொன்னாள்.

"மேல போறப்ப கிழியுதுங்க."

ஆமாம், என் தப்புதான் என்றேன். குமிழை இறக்கினேன். மறுபடி பாடினார்கள். இம்முறை குரல்கள் கனமாக, தெளிவாக விழுந்தன. கேட்டுவிட்டு யாரும் பாராட்டவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்கள், மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டு.

அவர்கள் போனபின் நானும் அப்பாவும் கோப்பைகளைக் கழுவினோம். முதல் பதிவை மறுபடி கேட்காமலே அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டை சர்ச்சில் ஒலிக்கவிட்டார்கள். பின்வரிசையில் இருந்த எங்களைச் சிலர் திரும்பிப் பார்த்துப் பாராட்டாகச் சிரித்தார்கள். அப்பாவின் அன்றைய கிசுகிசுப்பு இன்னும் காதில் இருந்தது; நான் நிமிரவில்லை. பக்கத்தில் அப்பாவும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.