துரையின் கனத்துக்கு மாட்டிய மோட்டார்

இன்று காலை தேக்கடி ஏரி பனிக்குள் கிடந்தது. பட்ட மரங்கள் தண்ணீரில் நின்றபடி தூங்கின.

காய்ச்சலில் துவண்ட எஸ்டேட் கூலி வள்ளியை அக்கரை சேர்த்து, கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எஸ்டேட்டை நடத்தும் துரை ஊரில் இல்லை. அவளோடு வேலை செய்யும் நாங்கள் அவர் படகை எடுத்தோம்.

மோட்டார் அலறியது, படகு நகரவில்லை. மோட்டாரின் விசிறி பாதி தண்ணீருக்கு வெளியே நின்று காற்றைக் கடைந்தது.

"தொரை பின்னால உக்காந்தா படகு அமுங்கும். அந்தக் கனத்துக்கு ஒசத்தி மாட்டியிருக்காக," என்றார் படகோட்டி மாயாண்டி.

வள்ளி கண் திறக்காமலே சொன்னாள்: "தெரிஞ்சிருந்தா நல்லாத் தின்னுட்டு வந்திருப்பேன்ணே."

மோட்டாருக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த கட்டையை உருவி, மோட்டாரை ஒரு சாண் இறக்கினோம். படகு சத்தமடங்கி, கனவுபோல் பனிக்குள் வழுக்கியது. வள்ளி இப்போது ஆஸ்பத்திரியில் தூங்குகிறாள்.

கட்டையை நான் திருப்பி வைக்கவில்லை. இனித் துரை ஏறினால் மோட்டார் ஆழத்தில் அமுங்கித் திணறும். காரணம் கேட்டால் என்ன சொல்லலாம் நண்பர்களே?