சத்தம் போடாத வளையல்கள்

பட்டு நூல் வளையல் செய்வதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். நான் பத்தாவதோடு நின்றவள். போனில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். சாதாரண பிளாஸ்டிக் வளையலில் பசை தடவி, பட்டு நூலை இழை இழையாகச் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சுற்றிக்கொண்டே வர வேண்டும். கையில் ஈரம் இருந்தால் நூலின் பளபளப்பு போய்விடும். அதனால் பாத்திரம் தேய்த்து, விளக்கேற்றி, சாமி கும்பிட்ட பிறகுதான் உட்காருவேன். கடலூரில் எங்கள் தெருவில் கொலுவுக்கு வைத்துக் கொடுப்பதற்கெல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள்.

எனக்கு ஒரு பழக்கம். சும்மா ஒரு நிறத்தை எடுத்துச் சுற்றமாட்டேன். எங்கேயாவது பார்த்து மனசில் நின்றதைத்தான் கையில் கொண்டுவருவேன். அதை எடுத்துச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. வாங்க வந்தவர்கள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாலும் சொல்லி முடிக்காமல் விடமாட்டேன்.

போன வருஷம் என் மகளுக்கு வளைகாப்பு வந்தது. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து, வேண்டாத சாமியில்லை என்று வேண்டிக் கிடைத்த குழந்தை. அவள் வாழ்க்கைப்பட்டது சிதம்பரத்தில். அங்கே மாமியார் வீட்டில் வளைகாப்பு முடித்து, பிரசவத்துக்குக் கடலூருக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. வளையல் கொண்டுபோக வேண்டியது தாய்வீடு. சம்பந்தியம்மா போனில் நல்லபடியாகத்தான் கேட்டார்.

“சம்பந்தி, கண்ணாடி வளையல நாங்க இங்க கீழ வீதியிலயே வாங்கிடட்டுமா? நீங்க எதுக்கு ஒடையாம தூக்கிட்டு வரணும்?”

“ஐயோ, ஒண்ணும் வேணாங்க. வளையலு மொத்தமும் நானே செய்யறேன். வர்றவங்களுக்குத் தர்றதும் என் கையாலதான். நீங்க வாங்கிடாதீங்க, ஆமா.”

அன்றிலிருந்து வீடு முழுக்க நூல்தான். சிவப்பு வளையலைத் தில்லைக் காளி முகத்தில் அப்பியிருக்கிற குங்குமத்தை நினைத்துச் செய்தேன். அதில் கல் ஒட்டவில்லை. அந்தக் குங்குமத்துக்கு மேல் என்ன இருக்கிறது? மேலே பச்சையும் அடியில் பழுப்புமாக ஒன்று, பிச்சாவரத்தில் படகில் போனபோது வேர்களுக்கு நடுவில் பார்த்த தண்ணீர். கருஞ்சிவப்பு, நெல்லிக்குப்பம் ரோட்டில் டிராக்டரில் போகிற கரும்பின் தோல். என் மகள் பள்ளிக்கூடத்துக்கு ரிப்பன் கட்டிக்கொண்டு போன நீலத்தையும் விடவில்லை. எல்லாம் முடித்துத் தாம்பாளத்தில் அடுக்கியபோது என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது.

விழாவன்று கூடத்தில் பாயில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். மகளை மனையில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, வேப்பிலைக் காப்பு போட்டார்கள். நான் தாம்பாளத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் ஆரம்பித்துவிட்டேன். இது காளி குங்குமம், இது பிச்சாவரம், இது கரும்பு. “அடேங்கப்பா, கையா இது!” என்றாள் ஒருத்தி. எனக்குத் தலை கால் புரியவில்லை.

முதல் வளையல் போட மாப்பிள்ளையின் பெரிய அத்தையைக் கூப்பிட்டார்கள். பிள்ளை பெற்றுப் பேரன் பேத்தி எடுத்தவர், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. சிவப்பில் ஒரு ஜோடியை என் மகள் கையில் ஏற்றிவிட்டு, அந்தக் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார். இன்னொரு தடவை குலுக்கினார். காதைக் கிட்டே கொண்டுபோனார்.

“என்னா சம்பந்தி, வளையல சைலண்ட் மோடுல போட்டு வச்சிட்டீங்களா?”

கூடமே சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், “கொழந்த தூங்குதுன்னு விட்டுட்டாங்களாட்டம் இருக்கு!” மறுபடியும் சிரிப்பு.

எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. வளைகாப்பில் கண்ணாடி வளையல் போடுவதே, அந்தச் சத்தம் வயிற்றில் இருக்கிற குழந்தைக்குக் கேட்க வேண்டும் என்றுதான். எத்தனை வளைகாப்பில் நானே பாட்டுப் பாடி வளையல் போட்டிருக்கிறேன்! பட்டு நூல் சுற்றினால் சத்தம் வராது என்று தெரியாதா எனக்கு? தெரியும். ஆனால் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

“அது வந்து… பட்டு நூலு…” என்று இழுத்தேன்.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. “அதனால என்னா, இப்ப வாங்கிட்டா போச்சு” என்று மாப்பிள்ளையைக் கீழ வீதிக்கு வண்டியில் அனுப்பினார். அனுப்பிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் வருவதற்குள் முடிக்க வேண்டும். வாங்குகிறேன் என்றவரை வாங்க விடாமல் தடுத்தது நான்தான் என்று அங்கே யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மாப்பிள்ளை வரும்வரை எல்லோரும் காத்திருந்தோம். என் மகள் சந்தனம் காய்ந்த முகத்தோடு மனையிலேயே இருந்தாள். நான் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புடவை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, பாவம், என் மனசு கோணக்கூடாதென்று நீல வளையலை எடுத்து, “இது எதப் பாத்து செஞ்சதுங்க?” என்று கேட்டார். அதை வாங்கித் திரும்பத் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டேன்.

அப்போதுதான் காலையில் கிளம்பும் முன் எங்கள் ஊர்த் திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் நின்றது ஞாபகம் வந்தது. வளையல் பெட்டியை அம்பாள் காலடியில் வைத்து அர்ச்சனை செய்தோம். மகள் பெயரும் நட்சத்திரமும் சொன்னது வாய்தான். கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் நான் கேட்டது வேறு. “தாயே, அங்க நாலு பேர் இத நல்லாருக்குன்னு சொல்லணும்.” அவ்வளவுதான். பிரசவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டதை அம்பாள் கொடுத்தும்விட்டாள். நாலு பேர் நல்லாருக்கு என்றார்கள். அந்தக் கூடத்தில் சிரித்தவர்களைவிட அதுதான் என்னைக் குன்ற வைத்தது.

மாப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். நேரத்துக்குள் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் போட்டு முடித்தார்கள். பெரிய அத்தை மறுபடியும் கையைக் குலுக்கிப் பார்த்து, “ம், இப்ப டவர் கெடச்சிடுச்சு” என்றார். நானும் சிரிப்பதுபோல் வாயைத் திறந்தேன். சாப்பாட்டில் எது புளி சாதம், எது எலுமிச்சை என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் கிளம்பினோம். காரில் எங்கள் வீட்டுக்காரர் முன்னால், நானும் மகளும் பின்னால். சிதம்பரம் தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன்.

“உங்க வீட்டு ஆளுங்க முன்னாடி உன்னத் தலகுனிய வச்சிட்டேன்டி” என்றேன்.

“அவுங்க சிரிச்சதப் பத்தி இல்லம்மா.” அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எனக்குக் கண்ணாடி வளையல்தான் வேணும்னு இருந்திச்சு. கை நெறய போட்டுக்கிட்டு, நடந்தா தெருவுக்கே கேக்கணும்னு. எத்தினி பேரு வளைகாப்புக்குப் போயி ஓரமா உக்காந்துட்டு வந்திருக்கேன்.”

“சொல்றதுதானடி?”

“போன் பண்ணப்பல்லாம் சொல்ல வந்தேன். நீ எடுத்ததுமே இது குங்குமம், இது கரும்புன்னு ஆரம்பிச்சிடுவ. அவ்ளோ சந்தோஷமா சொல்ற. நடுவுல எப்பிடிம்மா சொல்றது?”

முன்னால் எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

மகள் கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ரோடு மோசம். கார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம், வயிற்றின் மேல் வைத்திருந்த அவள் கையில் வளையல்கள் குலுங்கின. நான் வாயைத் திறக்கவில்லை. கடலூர் வருகிறவரை அதைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.