செல்விக்கு வந்த முட்டை

பிறந்த தேதிக்கு ஆதாரம் தேடி வேங்கிக்காலில் கல்வி ஆபீசுக்குப் போயிருந்தேன். கிளார்க் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய பதிவேடுகளை விரித்ததும், கரப்பான் நாற்றமும் சிவப்பு மையும் கலந்து மூக்கில் ஏறியது. இன்று கார் நிறுத்தும் மைதானமாகிவிட்ட அந்தக் கிரிவலப் பாதை ஓட்டுக் கட்டடத்துக்குள் மறுபடி உட்கார்ந்திருந்தேன். பௌர்ணமிக்கு மறுநாள், கற்பூரம் விற்றுக் களைத்த பாதி வகுப்பு வீட்டில் தூங்கும். ஆனாலும் டீச்சர் பேர் கூப்பிட்டால் ஒன்று குறையாமல் "உள்ளேன் டீச்சர்" வரும், ஏனென்றால் வராதவர்களுக்கும் சேர்த்து வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என் பங்குக்கு வந்தவள் செல்வி. எந்த நாளும் வராதவள். அவளை நான் பார்த்ததே இல்லை.

"செல்வி யாரு டீச்சர்?"

"தலை கம்மியானா என்னை வேற ஊருக்கு மாத்திடுவாங்க. கம்முனு சொல்லு."

நான் நம்பவில்லை. செல்விக்கு வரும் சத்துணவு முட்டை எங்கே போகிறது என்று டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். பரீட்சையில் அவளுக்கு என்னைவிட மார்க் ஜாஸ்தி வந்தபோது வயிறு எரிந்தது.

மூன்றாம் வகுப்புப் பாதியில், டி.சி. கூடக் கேட்காத ஒரு கான்வென்டில் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார்.

கிளார்க்கின் விரல் என் பேரில் நின்றது. "அஞ்சாவது வரைக்கும் லீவே போடல. கணக்குல தொண்ணூறு. நல்லா படிச்சிருக்கீங்க மேடம்."

செல்வியும் என்னைப்போலவே போனவள்தானோ? அந்த இரண்டரை வருஷம் எனக்காக "உள்ளேன் டீச்சர்" சொன்ன பிள்ளை, என் முட்டையைத் தேடி யார் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததோ.