காலி வண்டியின் உயரம்

குத்துக்கல்வலசையில் எங்களுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. கேட், கிரில், கடைகளுக்கு இரும்புச் சட்டம் எல்லாம் செய்வோம். செய்வது என் வீட்டுக்காரர், கொண்டுபோய்ச் சேர்ப்பது நானும் எங்கள் பழைய குட்டியானையும். சின்ன லாரி என்று பேர்தான், பெரிய லாரி சுமக்கிறதையெல்லாம் அதன் தலையில் கட்டியிருக்கிறோம். பொம்பளை குட்டியானை ஓட்டுகிறாள் என்று தென்காசி பஜாரில் திரும்பிப் பார்த்தவர்களுக்கு இப்போது பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. எனக்கும் ஓட்டி ஓட்டி அலுத்துவிட்டது. வண்டிதான் இன்னும் அலுத்துக்கொள்ளவில்லை.

போன தை மாதம் ஒரு பெரிய கேட்டைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது அவருக்கு முதுகில் சவ்வு விலகிவிட்டது. இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். இரும்போடு பிழைப்பு நடத்துகிறவரிடம் சொல்கிற பேச்சா அது? வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், மறுபடி போய்ப் படுப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் வந்தது.

மாசியில் ஒருநாள் அவராகவே எழுந்து உட்கார்ந்தார். "வண்டி பட்டறைக்கு உள்ளயே வரணும்ட்டி. மேல உத்தரத்துல செயின் பிளாக்கு தொங்கணும். சங்கிலிய இழுத்தா சரக்கு தானா எறங்கணும். ஒருத்தரும் குனியக் கூடாது, தூக்கக் கூடாது. அப்படின்னா நான் வேல பாப்பேன்."

பழைய பட்டறை தாழ்ந்த கூரை, குறுகின வாசல். வண்டி என்ன, நானே குனிந்துதான் போவேன். ஆகவே பின்சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இடித்தோம். சாரல் தொடங்குவதற்குள் கூரை போட்டாக வேண்டும். ஈரத்தில் வெல்டிங் வைக்க முடியாது. ஐந்தருவிக் கடைக்காரர்களோ சீசனுக்கு முன்பே சட்டம் கேட்பார்கள், இல்லையென்றால் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். வருமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தச் சீசனைத் தவறவிட்டால் இந்த மனுஷன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார் என்பதுதான் என் பயம்.

அதிலிருந்து எனக்கு ஓட்டம்தான். எம்-சாண்ட், செங்கல், சிமெண்ட், கலர் ஷீட். கடையநல்லூரில் ஒரு பழைய தறிக்கூடத்தை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உத்தரத்துக்கான இரும்பு கர்டரை அங்கிருந்து கொண்டுவந்தேன். எங்கள் வண்டி காலியாக வீடு திரும்பிய வழக்கமே கிடையாது. போகும்போது ஒருத்தருக்கு ஒரு லோடு, வரும்போது எங்களுக்கு ஒரு லோடு. அருவியில் தண்ணீர் விழுகிறதோ இல்லையோ, குற்றாலம் ரோட்டில் வேன்கள் மட்டும் குறையவில்லை. அந்த நெரிசலில் மணலோடு நிற்கும்போது ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துவிடலாமா என்றிருக்கும். ராத்திரி படுத்தாலும் உடம்பு குலுங்கிக்கொண்டே இருக்கும்.

வாசல் கட்டுகிற அன்று சாயங்காலம் நான் மணலோடு வந்து நின்றேன். "வண்டி ஒயரம் எவ்வளவு அண்ணாச்சி?" என்று கொத்தனார் கேட்க, இடுப்பு பெல்ட்டோடு இவர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். வண்டியின் பின்னால் நீளக் குழாய்கள் ஏற்றுவதற்கு இவரே வெல்டிங் வைத்த கேரியர் உண்டு, அதுதான் வண்டியிலேயே உயரமான இடம். அதை அளந்து, மேலே இரண்டு விரல் கூட்டிச் சொன்னார். வாசல் எழுந்தது. கூரையும் ஏறியது.

ஷட்டர் மாட்டிய அன்றைக்கே சாரலும் வந்தது. நான் தொட்டிக்குள் அடங்குகிற இரும்புக் குழாய் லோடோடு நேராக உள்ளே ஓட்டினேன். கேரியர் உரசாமல் நுழைந்தது. இவர் நின்ற வாக்கிலேயே சங்கிலியை இழுத்தார். குழாய்க் கட்டு மெல்ல எழும்பி, தள்ளிப் போய், தரையில் உட்கார்ந்தது. எத்தனையோ நாள் கழித்து அவர் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன்.

வண்டியைப் பின்னால் எடுத்தேன். டங்கென்று ஒரு சத்தம்.

"ஏட்டி, நிப்பாட்டு! இடிக்குது!"

"வரும்போது இடிக்கலையே?"

கொத்தனார் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "பாரம் எறங்குனா அடியில கமான் பட்டை நிமிர்ந்து வண்டி ஒசரும்லா அண்ணாச்சி. மணலு கெடக்கும்போதுல்லா அளந்தீய!"

காலி வண்டி நான்கு விரல் உயர்ந்து நின்றது. எங்கள் வண்டி காலியாக நிற்கும் என்ற நினைப்பே எங்கள் இருவருக்கும் இருந்ததில்லை. அது தெரிந்தும் எனக்கு வாய் அடங்கவில்லை. "இதுக்கா நான் நாயா அலைஞ்சேன்? சட்டம் ஏத்தணும்னா காலி வண்டிதான உள்ள வரணும்? அது எப்படி வரும், சொல்லுங்க!" அவருடைய சிரித்த முகம் அப்படியே அணைந்துபோனது. போச்சு, இனி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்று நினைத்தேன். திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் மிச்சமிருந்த சிமெண்ட் மூட்டைகள்மேல் போய் உட்கார்ந்தேன்.

அவர் மூலையில் மூடிக் கிடந்த தார்ப்பாயை விலக்கி, இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தார்.

"கேரியர அறுத்துத் தாழ்த்திருதேன்," என்றார், என்னைப் பார்க்காமலே. "நின்னுக்கிட்டே பாக்குத வேலதான். குனிய வேண்டாம்."

கிரைண்டர் கத்த ஆரம்பித்தது. பொறி பறந்தது. தை மாதத்துக்குப் பிறகு நான் கேட்காத சத்தம். அக்கம்பக்கத்தார் காதைப் பொத்திக்கொள்கிற அந்தச் சத்தத்தில், பின்சுவரில் சாய்ந்தபடி நான் தூங்கிப்போனேன்.

விழித்தபோது கொத்தனாரைக் காணோம். பட்டறைக்குள் வண்டியும் இல்லை. பதறி எழுந்தேன். வெளியே சாரலில் நனைந்தபடி அது நின்றுகொண்டிருந்தது, கேரியர் நான்கு விரல் தாழ்ந்து, புது வெல்டிங் தழும்புகளோடு. இவர் தலை ஈரமாக, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷட்டர் ஓரம் நின்றார்.

"எழுப்பக் கூடாதா? நான் எடுத்திருப்பேன்லா?"

"காலி வண்டிதானட்டி. நானே வெளிய எடுத்து, உள்ள விட்டு, மறுபடி வெளிய எடுத்துப் பாத்துட்டேன். இடிக்கல. நீ தூங்கு."

வண்டிச் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.